முள் சொல்லாத உண்மை



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. அஸர் தொழுகையை முடித்துவிட்டுச் செம்பாக்கத்தில் உள்ள எங்கள் இல்லத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வாசலில் என் பேரன், அன்று காலையில்தான் வாங்கிய விளையாட்டுத் துப்பாக்கியை ஏந்தி நின்றான். தாம்பரம் விமானப் படைத் தளத்தின் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே இரைந்து சென்றது. முதலில் அதைக் குறிபார்த்தான். அது மறைந்ததும் துப்பாக்கியைத் திருப்பித் தன் தங்கையின் நெற்றிக்கு நேராக நீட்டினான். அந்தக் குழந்தையும் சிரித்தபடியே இரு கைகளையும் உயர்த்தியது. பார்த்துக்கொண்டிருந்த வீட்டார் அனைவரும் சிரித்தனர்.

என்னால் சிரிக்க முடியவில்லை. என்னையும் அறியாமல் உரத்த குரலில் அதட்டிவிட்டேன். பேரன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கினான். "அத்தா! பிளாஸ்டிக் பொம்மைக்கா இவ்வளவு கோபம்?" என்று என் மகன் வியப்புடன் கேட்டான். நான் மறுமொழி எதுவும் சொல்லாமல் உள்ளே சென்றுவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு உரிய பதிலை என் மனைவியிடம்கூட 35 ஆண்டுகளுக்கு மேலாக நான் சொன்னதில்லை. அன்றிரவு இஷாவுக்குப் பிறகு வீட்டாரை அமரவைத்துச் சொன்னேன். சொன்ன பிறகு, நம் சமுதாயத்துக் குடும்பங்கள் பலவற்றிற்கும் இது பயன்படக்கூடும் என்று தோன்றியது. ஆகவே உங்களிடமும் சொல்கிறேன்.

பிழைப்புத் தேடி 1984ஆம் ஆண்டு நான் ஓமன் நாட்டிற்குச் சென்றேன். தலைநகர் மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் உள்ளே, மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் நிஸ்வா நகரில், கட்டடப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. பதினேழாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பெரிய வட்டக் கோட்டையும், வெள்ளிக்கிழமைதோறும் ஆடு மாடுகளை வட்டமாக நடத்திவந்து ஏலம் விடும் சந்தையும் அந்நகரின் அடையாளங்கள். அந்தச் சந்தையை ஒட்டியே, இடுப்பில் செருகும் வளைந்த கஞ்சர் கத்திகளையும் பழங்காலத் துப்பாக்கிகளையும் விற்பார்கள். வயது முதிர்ந்த அரபிகள் துப்பாக்கியைத் தோளில் மாட்டியவாறே பேரீச்சம்பழம் வாங்கிச் செல்லும் காட்சி, புதிதாகச் சென்ற எனக்கு அச்சமாகவும் வேடிக்கையாகவும் இருந்தது.

எங்கள் அர்பாப், அதாவது கடை முதலாளி, நல்ல மனிதர். அவருடைய மஜ்லிஸில், பேரீச்ச மரத் துலாம்களுக்குக் கீழே, சுவரில் ஒரு முளையில் நீண்ட துப்பாக்கி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அவருடைய பாட்டனார் மஸ்கட் துறைமுகப் பக்கம் சென்று வாங்கிவந்தது என்று சொல்வார். ஒருநாள் அதை இறக்கி என் மடியில் வைத்து, "நீ இங்கிலீஷ் படித்தவனாயிற்றே! இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்" என்றார். வலப்பக்க இரும்பில் ஒரு கிரீடம். அதன்கீழ் விக்டோரியா அரசியைக் குறிக்கும் வி, ஆர் என்ற இரண்டு எழுத்துகள். அதற்கும் கீழே என்ஃபீல்டு என்ற பெயர், 1886 என்ற ஆண்டு. இலண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டு ஊரின் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட மார்ட்டினி ஹென்றி துப்பாக்கி அது. அன்று தொடங்கியது அந்தத் துப்பாக்கிக்கும் எனக்கும் இருந்த பழக்கம்.

அது எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், நான் செய்த தவறு அந்த இயக்கத்தோடு பின்னிக் கிடக்கிறது.

நிமிர்த்தி நிறுத்தினால் நான்கு அடிக்கு ஓர் அங்குலம் கூடுதலான உயரம். எடை நான்கு கிலோவுக்குச் சற்றே குறைவு. பாரத்தில் பெரும்பகுதி முன்குழலில் இருப்பதால், பழகாத கையில் முனை தானாகவே தாழும். வெளியே தெரியும்படியான சுத்தியல் கிடையாது. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியும் கிடையாது. விசைக்குக் கீழே, விரல் வளையத்தின் தொடர்ச்சியாகப் பின்னோக்கி நீளும் ஓர் இரும்பு நெம்புகோல் மட்டுமே உண்டு. அனைத்தும் அதனுள் அடக்கம்.

நெம்புகோலைக் கீழ்நோக்கித் தள்ளினால், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் எஃகுத் துண்டின் முன்முனை தாழ்ந்து வழிவிடும். அதே அசைவில் உள்ளே இருக்கும் கொக்கி, வெடித்துத் தீர்ந்த பித்தளைக் கூட்டை வெளியே எறியும். திறந்த பள்ளத்தில் ஒரு தோட்டாவை வைத்துக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி, நெம்புகோலை மேலே இழுத்தால் கதவு அடைபடும். அடிமுள்ளும் விசைக்குத் தயாராகிவிடும். திறப்பது, இடுவது, மூடுவது என்ற மூன்றே செயல்கள்தாம். தேர்ந்த சிப்பாய் ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு முறை சுடுவான் என்பார்கள். குழலின் வாயில் மருந்தையும் குண்டையும் போட்டு இடித்துக்கொண்டிருந்த தலைமுறைக்கு இது எத்தகைய மாற்றம் என்பதை எண்ணிப் பாருங்கள்!

பீபாடி என்ற அமெரிக்கர் 1862இல் வகுத்த அமைப்பை, சுவிட்சர்லாந்தில் தொழில் நடத்திய ஃபான் மார்ட்டினி திருத்தியமைத்தார். எடின்பரோ நகரத்து அலெக்சாண்டர் ஹென்றி குழலின் உட்புறப் புரிகளை வகுத்தார். இருவர் பெயரையும் இணைத்து 1871இல் ஆங்கிலேயப் படை இதனை ஏற்றது. இதே இயக்கம் கொண்ட துப்பாக்கிகளை அமெரிக்காவில் செய்வித்து உதுமானியத் துருக்கியரும் வாங்கினர். 1877இல் பிளெவ்னா நகரை உஸ்மான் பாஷா மாதக்கணக்கில் காத்து நின்றபோது, தொலைவில் வரும் ரஷ்யப் படையைத் தடுத்தவை அவையே.

குறைகளும் இல்லாமல் இல்லை. கரும்புகை மருந்து நிரப்பிய தோட்டா ஆகையால், சில முறை சுட்டதுமே குழலினுள் கரி படியும். தொடக்கத்தில் தோட்டாவின் கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது. வெப்பத்தில் அது உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். 1885இல் சூடானில் நடந்த அபூ கிளியா போரில் ஆங்கிலேயர் பலருடைய துப்பாக்கிகள் இவ்வாறு நடுவழியில் நின்றுபோயின. ஒட்டிய கூட்டை இழுக்கக் கூடுதல் வலு வேண்டும் என்பதற்காகவே, பின்னர் வந்த நான்காம் வகையில் நெம்புகோலை நீளமாக்கினார்கள். தொடர்ந்து சுட்டால் முன்குழலைத் தொட முடியாது. தோலைச் சுற்றித் தைத்துக்கொண்டு பிடிப்பார்களாம்.

ஒரே ஒரு முறை, ஊருக்கு வெளியே வறண்ட ஆற்றுப் படுகையில், அர்பாபின் மேற்பார்வையில் நானும் சுட்டேன். 31 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு அது. பின்கட்டையைத் தோளோடு இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நான் சரியாகப் பிடிக்கவில்லை. ஓசையைவிட உதைதான் முன்னே வந்ததுபோல் இருந்தது. வெண்புகை மேகமாக எழுந்து எதிரே இருந்த பாறையையே மறைத்துவிட்டது. இரண்டு நாள் தோள் வலித்தது. வீடு திரும்பியதும் கொதிக்கும் நீரைக் குழலில் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் பூசினோம். அன்றே கழுவாவிட்டால் மருந்தின் கசடு காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொண்டு இரும்பைத் தின்றுவிடும்.

இங்கிலாந்தில் செய்யப்பட்ட துப்பாக்கி ஓமன் மலைநாட்டிற்கு எப்படி வந்தது? அந்த வரலாற்றைப் பின்னாளில் படித்து அறிந்தேன். ஐரோப்பியப் படைகள் புதிய துப்பாக்கிகளுக்கு மாறியபோது, கழித்த பழையவை வணிகச் சரக்காயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மஸ்கட் துறைமுகம் அந்த வணிகத்தின் பெருஞ்சந்தையாக விளங்கிற்று. அங்கிருந்து படகுகளில் மக்ரான் கரைக்கும், அதற்கப்பால் ஒட்டகங்களில் ஆப்கானிஸ்தானத்திற்கும் எல்லைப்புற மலைகளுக்கும் துப்பாக்கிகள் சென்றன.

அதே எல்லைப்புறத்தில் நம் நாட்டுச் சிப்பாய்களின் கையிலும் இதே மார்ட்டினிதான் இருந்தது. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு எப்போதும் ஒரு தலைமுறை பிந்திய ஆயுதத்தையே கொடுப்பது ஆங்கிலேயரின் வழக்கம். 1897இல் தீராப் போரில் ஆங்கிலேயச் சிப்பாய் லீ மெட்ஃபோர்டு துப்பாக்கி ஏந்தியிருக்க, அவன் அருகில் நின்ற இந்தியச் சிப்பாய் மார்ட்டினியோடு நின்றான். அவ்வாண்டு செப்டம்பர் 12ஆம் நாள் சாராகடிக் காவல் நிலையத்தில் 21 சீக்கிய வீரர்கள் இறுதிவரை போரிட்டு மடிந்ததும் இந்தத் துப்பாக்கியோடுதான்.

எல்லைப்புறத்திற்கு ஆயுதம் செல்வதை நிறுத்த வேண்டும் என்று ஆங்கிலேயர் நெருக்கியதால், 1912இல் மஸ்கட்டில் ஆயுதக் கிடங்கு ஒன்று நிறுவப்பட்டு வணிகம் கட்டுக்குள் வந்தது. உள்நாட்டாருக்கு எழுந்த மனக்குறைகளுள் அதுவும் ஒன்று. 1913இல் அவர்கள் தங்களுக்கென ஓர் இமாமைத் தேர்ந்தெடுத்தனர். 1915 ஜனவரியில் அவருடைய படை மஸ்கட்டை நோக்கி வந்தபோது, ரூவியில் உள்ள பைத் அல் ஃபலஜ் கோட்டையருகே அதனை எதிர்த்து நின்றவர்கள் இந்தியச் சிப்பாய்கள். இன்று அக்கோட்டை ஓமன் நாட்டின் படைத்துறை அருங்காட்சியகம். ரூவிக்குச் சென்ற நாள்களில் நம் ஊர் நண்பர்களோடு அதைப் பார்த்திருக்கிறேன். யாருக்காகச் செய்யப்பட்டது, யாரிடம் போய்ச் சேர்ந்தது, யாரை நோக்கி நீட்டப்பட்டது என்பதெல்லாம் துப்பாக்கிக்குத் தெரியாது. ஏந்தியவனுக்குத்தான் தெரிய வேண்டும்.

வாசகர்களே! ஏந்தியவனாகிய எனக்கு அது தெரியாமல் போன நாளைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

1987ஆம் ஆண்டு. அர்பாபின் மூத்த மகனுக்குத் திருமணம். அவ்வூர் வழக்கப்படி மணமகன் ஊர்வலத்தின்போது வாளேந்தி ஆடுவார்கள், வானை நோக்கி வெடியும் போடுவார்கள். அதற்காகவே பழைய பித்தளைக் கூடுகளில் மருந்தை மட்டும் நிரப்பி, மேலே துணியையும் காகிதத்தையும் இறுக்கி அடைத்து வைத்திருந்தார்கள். குண்டு இல்லாத வெற்றுத் தோட்டா என்பதால் தீங்கற்றது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அடைப்பும் நெருப்பும், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரின் கண்ணைப் பறிக்கும். உயிரையும் பறிக்கக்கூடும்.

காலை நேரம். மஜ்லிஸில் கம்பளங்களை விரித்துக்கொண்டிருந்தோம். துப்பாக்கி வழக்கமான முளையில் தொங்கியது. துடைத்து வைக்கலாமே என்று இறக்கினேன். எத்தனையோ முறை கையாண்ட துப்பாக்கி. ஒருமுறைகூட அது உள்ளே எதையும் வைத்துக்கொண்டு சுவரில் தொங்கியதில்லை. முந்திய இரவில் மணமகனின் தம்பி ஆர்வ மிகுதியால் ஒரு தோட்டாவை இட்டு மூடி, அப்படியே மாட்டிவிட்டுப் போயிருந்தான். அது எனக்குத் தெரியாது.

அந்தத் துப்பாக்கியின் வலப்புறத்தில் கண்ணீர்த் துளி வடிவில் ஒரு சிறு முள் உண்டு. நெம்புகோலை இறக்கி ஏற்றிவிட்டால் அது திரும்பி நிற்கும். துப்பாக்கி விசைக்குத் தயார் என்பதற்கு அது அடையாளம். அன்று அது திரும்பி நின்றதைப் பார்த்தேன். பார்த்தும் பொருட்படுத்தவில்லை. வெறும் துப்பாக்கியைத் திறந்து மூடினாலும் அந்த முள் அப்படித்தான் திரும்பும். யாரோ விளையாட்டாகத் திறந்து மூடியிருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அப்போது அர்பாபின் கடைசி மகன் ஓடிவந்தான். ஆறு வயது. புதுச் சட்டையும் சிறிய கஞ்சரும் அணிந்து, என் எதிரே இரண்டடி தூரத்தில் நின்று, "என்னைச் சுடு!" என்று கைகளை உயர்த்திச் சிரித்தான். நானும் சிரித்தேன். துப்பாக்கியைத் தோளில் வைத்து அவன் முகத்திற்கு நேரே நீட்டினேன். என் விரல் விசையின்மேல் இருந்தது.

"யா அகீ! திற" என்றது அர்பாபின் குரல். கஹ்வா ஊற்றிக்கொண்டிருந்தவர் எழவுமில்லை, கூவவுமில்லை. கூவியிருந்தால் நான் திடுக்கிட்டு விசையை அழுத்தியிருப்பேன் என்பதை அவர் அறிந்திருந்தார். "வெறும் துப்பாக்கிதான்" என்றேன். "விரலை எடு. திறந்து காட்டு" என்றார் அதே குரலில்.

விரலை எடுத்து நெம்புகோலைத் தள்ளினேன். கொக்கி தன் வேலையைச் செய்தது. நிறைந்த தோட்டா ஒன்று பளிச்சென்று வெளியே குதித்து, கம்பளத்தில் உருண்டு, அந்தச் சிறுவனின் பாதத்தருகே போய் நின்றது. அவன் அதைக் குனிந்து எடுத்து, சிரித்துக்கொண்டே தகப்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

என் கால்கள் துவண்டன. அப்படியே அமர்ந்துவிட்டேன். அர்பாப் என்னை ஏசவில்லை. தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்: "அந்த முள், நெம்புகோல் அசைந்தது என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே இருப்பதைச் சொல்லாது. கண்ணால் பார்க்காததை நம்பாதே." தோட்டா இட்ட மகனை அழைத்து அதையே அவனுக்கும் சொன்னார். பிறகு கல்யாண வேலைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றிரவு ஊர்வலத்தில் அந்தத் தோட்டாவையே வானை நோக்கி வெடித்தார்கள். குழல் முனையிலிருந்து முழ நீளத்திற்கு நெருப்பு பாய்ந்ததைக் கண்டேன். கூட்டம் ஆரவாரித்தது. அந்தச் சிறுவன் தகப்பனின் தோளில் அமர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான். நான் இருட்டில் ஒரு சுவரோரம் ஒதுங்கி நின்று அழுதேன்.

ஊரில் அப்போது என் மகன் ஆறு மாதக் குழந்தை. அவன் முகத்தை நான் இன்னும் பார்த்திருக்கவில்லை. மனைவிக்கு ஒலிநாடாவில் பேசி அனுப்புவதுதான் அந்நாளில் எங்கள் போன்றோரின் வழக்கம். அந்தத் திருமணத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுவதும் பேசினேன். விருந்து, ஆட்டம், அத்தர் என எல்லாவற்றையும் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. மற்றொருவர் மகனை இழக்கச் செய்யவிருந்த கையால் என் மகனைத் தூக்கத் தகுதி உண்டா என்ற எண்ணம் நெடுநாள் என்னை வாட்டியது.

2003ஆம் ஆண்டு நான் நிரந்தரமாக ஊர் திரும்பியபோது, ஸீப் விமான நிலையத்திற்கு என்னைத் தன் வண்டியில் கொண்டுவந்துவிட்டவன் அந்தச் சிறுவன்தான். 22 வயது வாலிபன். வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தான். அவனுக்கு எதுவும் நினைவில்லை. இறங்கும்போது என்னைத் தழுவிக்கொண்டான். அல்ஹம்துலில்லாஹ்! அந்தத் தழுவலின் அருமை எனக்கும் என் இறைவனுக்கும் மட்டுமே தெரியும்.

ஒரு மனிதன் தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வேடிக்கைக்காக நீட்டுவதற்கும் அதில் விலக்கு இல்லை. நாம் அறியாமலே ஷைத்தான் கையை அசைத்துவிடக்கூடும் என்பதே அதற்குக் காரணம். சிறுவயதில் மதரஸாவில் இதைக் கற்றிருந்தேன். அதன் பொருளை நிஸ்வாவில்தான் புரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் துப்பாக்கியே இல்லையே, இது எங்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பறவைகளை விரட்டவும் குறிபார்த்துப் பழகவும் வாங்கும் காற்றுத் துப்பாக்கி பல வீடுகளில் உண்டு. குழல் விட்டம் 0.177 அங்குலத்தையும் விசை 20 ஜூலையும் தாண்டாவிட்டால் அதற்கு உரிமம் தேவையில்லை. உரிமம் தேவையில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று பொருளாகாது. ஒரு சிறு ரவை ஒரு கண்ணை அணைக்கப் போதும். வடநாட்டில் திருமண ஊர்வலங்களில் வெடித்து உயிர்கள் பறிபோவதைக் கண்டே, பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி கொண்டாட்டத்திற்காகச் சுடுவதற்கு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க 2019இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் சொல்வது இருக்கட்டும். நம் பிள்ளைகளின் கைக்கு முதலில் பழக்கம் கற்றுக்கொடுப்பது வீடுதான். தங்கையின் நெற்றியை நோக்கி நீட்டும்போது நாம் சிரித்தால், அதில் தவறில்லை என்றுதான் அந்தக் கை கற்றுக்கொள்கிறது.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, என் மனைவி முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருசம் இதை மனசிலேயே வெச்சிருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். மகன் எழுந்து போய், அழுது தூங்கிவிட்ட பேரனுக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தான்.

மறுநாள் ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு பேரனை அருகில் அழைத்து, அதட்டியதற்காக வருத்தம் தெரிவித்தேன். துப்பாக்கியை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அவன் அதை வாங்கித் தரையை நோக்கிப் பிடித்தான். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். "நன்னா, ஒண்ணும் இல்லை" என்றான். பிறகு அதைச் சுவரில் வரைந்திருந்த வட்டத்தை நோக்கி நீட்டினான். அவன் தங்கை அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.